காய்ச்சலுக்குப் பின் கரு கலைந்தால் குற்றம் கிருமியுடையதா, நஞ்சுக்கொடியின் எதிர்ப்பாற்றலுடையதா?

தேவிபட்டினம் வாசகி எழுதியது:

என் நாத்தனாருக்கு நான்காம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தது. மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஸ்கேனில் குழந்தையின் உறுப்புகளிலும் குறை தெரியவில்லை. கிருமி குழந்தையைத் தொடாவிட்டாலும், அதை விரட்ட நஞ்சுக்கொடியின் செல்கள் எழுப்பும் சமிக்ஞையே கருவுக்கு எமனாகிவிடுவது உண்டு என்று மருத்துவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். அந்திநேரத்தில் கடற்கரைக்குப் போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். வெளியூரில் உள்ள ஒரு தனியார் மையமோ, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே எதிர்ப்பாற்றலைத் திருத்தும் ஊசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு படகு எஞ்சின் வாங்கும் அளவுக்குச் செலவுக் கணக்குக் கொடுத்திருக்கிறது. நான் கேட்பவை இரண்டு. காப்பாற்ற வேண்டிய எதிர்ப்பாற்றல் கருவை எப்படிக் கெடுக்கிறது? அது உண்மையானால், அந்த ஊசி அதற்கு மருந்தாகுமா?

மண்டபம் ஆய்வாளர் எழுதியது:

சகோதரி, கடல் உயிரியலுக்கு வருவதற்கு முன் நான் நோயெதிர்ப்பியல் ஆய்வகமொன்றில் வேலை பார்த்தவன். உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். இரண்டாவதை மகப்பேறு மருத்துவர்கள் சொல்வதே முறை.

கருவுற்ற சில நாள்களிலேயே கருவின் வெளிப்புறச் செல்கள் பிரிந்து ட்ரோஃபோபிளாஸ்ட் என்னும் தனி வகையாகின்றன. நஞ்சுக்கொடியைக் கட்டுவது இவைதாம். ஆகவே நஞ்சுக்கொடி பெரும்பாலும் குழந்தையின் உறுப்பே. அதன் மரபணுக்களில் பாதி தகப்பன் வழி வந்தவை. இந்தப் பாதி அந்நியத்தைத் தாயின் உடல் ஏன் தள்ளிவிடுவதில்லை என்ற கேள்வியை 1953ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் எழுப்பினார். அதன் பிறகு நெடுங்காலம் எல்லோரும் தாயின் பக்கத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நஞ்சுக்கொடியின் செல்களே கிருமியை உணர்ந்து எச்சரிக்கை எழுப்புகின்றன என்பதும், அந்த எச்சரிக்கையே அவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும் என்பதும் தெளிவாகத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

நஞ்சுக்கொடிக்குள் வில்லஸ் எனப்படும் நுண்விரல்கள் தாயின் ரத்தத்தில் நேரடியாக நனைந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மேலுறையில் செல்களுக்கு இடையே எல்லைச் சுவர் கிடையாது. அடியிலுள்ள செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, எண்ணற்ற உட்கருக்களைக் கொண்ட ஒரே தொடர் பரப்பாகிவிடுகின்றன. சின்சிடியோட்ரோஃபோபிளாஸ்ட் என்பது அதன் முழுப்பெயர்; இனிச் சின்சிடியப் படலம் என்று எழுதுகிறேன். மூட்டே இல்லாத பரப்பாதலால் கிருமிக்கு நுழைய இடுக்குக் கிடைப்பதில்லை. குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் போவது இதன் வழியாகத்தான். கர்ப்பத்தை நிலைநிறுத்தும் ஹார்மோன்கள் சுரப்பதும் இங்கேதான். அடியிலிருந்து புதிய செல்கள் வந்து இணைந்துகொண்டே இருந்தால்தான் இந்தப் படலம் நிலைக்கும்.

இணைத்து வைக்கும் புரதத்தின் பெயர் சின்சிடின். மிகப் பழங்காலத்தில் நம் முன்னோர் இனங்களைத் தொற்றி, அவர்களின் மரபணுத் தொகுதியிலேயே தங்கிவிட்ட ஒரு ரெட்ரோவைரஸின் உறைப்புரதம்தான் இது என்று 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். வைரஸ் செல்லுக்குள் புகுவதற்கு வைத்திருந்த கருவியை உடல் நஞ்சுக்கொடி கட்டுவதற்கு எடுத்துக்கொண்டது. சிக்கலும் அங்கிருந்தே வருகிறது.

ஒரு செல் வைரஸின் ஆர்.என்.ஏ.வை உணர்ந்தால் முதல் வகை இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது. அது அருகிலுள்ள செல்களில் அந்தச் செய்தியைப் பெறும் புரதமான ஏற்பியில் பொருந்தி, ஜேக், ஸ்டாட் ஆகிய புரதங்கள் வழியே உட்கருவுக்குச் செய்தி அனுப்ப, வைரஸை எதிர்க்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அவற்றுள் ஐ.எஃப்.ஐ.டி.எம். என்ற புரதக் குடும்பத்தின் வேலை, வைரஸின் உறை செல்லின் சவ்வோடு இணையவிடாமல் தடுப்பது. சின்சிடினும் வைரஸ் வழி வந்ததே அல்லவா? அதன் வேலையையும் இவை தடுத்துவிடுகின்றன. வெள்ளத்துக்கு அஞ்சிக் கண்மாய் மடையை அடைத்தால் வயலுக்குப் போகும் நீரும் நின்றுபோவது போலத்தான் இது.

பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தில் ஒலிவியே ஷ்வார்ட்ஸின் குழு 2019இல் இதைச் சோதனையில் காட்டியது. வைரஸ் ஆர்.என்.ஏ.வைப் போன்ற ஒரு செயற்கைப் பொருளைக் கருவுற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது கருக்கள் இறந்தன. ஐ.எஃப்.ஐ.டி.எம். மரபணுக்கள் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் அந்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. இந்தச் சோதனையில் வைரஸே கிடையாது. வைரஸ் வந்துவிட்டதாக உடல் நம்பியதே போதுமாக இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், யேல் பல்கலைக்கழகத்தில் லாரா யோக்கி, அகிகோ இவாசாகி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைவிட நுட்பமானது. இன்டர்ஃபெரான் ஏற்பி இல்லாத தாய்ச் சுண்டெலியை, அந்த ஏற்பிக்கான மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள ஆணோடு சேர்த்தார்கள். எனவே ஒரே கருப்பையில், ஒரே தாயின் ரத்தத்தில், ஏற்பி உள்ள கருக்களும் இல்லாத கருக்களும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. பிறகு தாய்க்கு ஜிகா வைரஸைச் செலுத்தினார்கள். ஏற்பி உள்ளவை கரைந்து அழிந்தன. ஏற்பி இல்லாதவையோ, வைரஸ் தம்மைத் தொற்றியிருந்தும் தொடர்ந்து வளர்ந்தன. மனித நஞ்சுக்கொடியின் வில்லஸ்களை ஆய்வகத்தில் வளர்த்து, முதல் வகையைச் சேர்ந்த இன்டர்ஃபெரான் பீட்டாவைச் சேர்த்தபோது, அவற்றின் சின்சிடியப் படலத்தில் இயல்பில்லாத முடிச்சுகள் உண்டானதையும் அதே குழு காட்டியது. உங்கள் மருத்துவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதன் பின்னால் இருப்பது இவ்வளவும்தான்.

தொண்டி ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

தம்பி தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. 2006ஆம் ஆண்டுவாக்கில் சிக்குன்குனியா இந்தக் கடற்கரை ஊர்களைப் படுக்கையில் போட்டபோது எத்தனையோ கர்ப்பிணிகள் காய்ச்சலில் கிடந்தார்கள். பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டார்கள். அதன் பின் டெங்குவும் வந்தது, கொரோனாவும் வந்தது. காய்ச்சல் என்றாலே இன்டர்ஃபெரான் சுரக்கும், இன்டர்ஃபெரான் சுரந்தால் நஞ்சுக்கொடி கெடும் என்று எடுத்துக்கொண்டால், இந்த மாவட்டத்தில் பிள்ளைகளே பிறந்திருக்க முடியாதே?

மலேரியாவின் கதையோ வேறு. இராமேஸ்வரம் தீவில் அது நெடுநாள் குடியிருந்த நோய். கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும் கொசு அங்கே உண்டு. குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து வைத்து, ஒரு சாண் அகலத்துக்குப் பரந்து கிடக்கும் அதன் தாய்ப்பக்க மடல்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஏதேனும் துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பது எங்கள் வேலை. நல்ல நஞ்சுக்கொடி ஈரல் நிறத்தில் பளபளவென்று இருக்கும். கடுமையான மலேரியா வந்தவளுடையது கருமை படிந்திருக்கும். அந்தக் குழந்தை எடை குறைந்தே பிறக்கும். அங்கே கெடுப்பது ஒட்டுண்ணியா, தாயின் எதிர்ப்பா? அதையும் சொல்லுங்கள்.

மண்டபம் ஆய்வாளர் எழுதியது:

அம்மா, இந்தத் தடை சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. சுண்டெலி ஆய்வைப் படித்தவுடன் எல்லாக் காய்ச்சலுக்கும் அதைப் பொருத்துகிறவர்கள் இடறுவது இங்கேதான்.

முதலாவதாக, தாயின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் ஏறுவது வேறு, நஞ்சுக்கொடிக்குள்ளேயே அது சுரப்பது வேறு. தாயிடமிருந்து இன்டர்ஃபெரான் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போவது மிகக் குறைவு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு இன்டர்ஃபெரான் பீட்டாவை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பெண்கள் பலர் கருவுற்றிருக்கிறார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய பதிவேடுகளில் கருச்சிதைவு கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே கிருமி நஞ்சுக்கொடியை எட்டியதா, எந்த வாரத்தில் எட்டியது, அங்கே சமிக்ஞை எவ்வளவு நேரம் நீடித்தது என்பவைதாம் விளைவைத் தீர்மானிக்கின்றன. சாதாரணக் காய்ச்சல்களில் பெரும்பாலானவை நஞ்சுக்கொடியை எட்டுவதேயில்லை.

இரண்டாவது செய்தி எனக்கே வியப்பைத் தந்தது. சின்சிடியப் படலம் எந்தத் தொற்றும் இல்லாதபோதும் மூன்றாம் வகை இன்டர்ஃபெரானை, அதாவது லாம்டாவை, ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது என்று கரோலின் கோயினின் குழு 2016இல் காட்டியது. அதனால் அந்தப் படலமும் அக்கம்பக்கச் செல்களும் வைரஸுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. அதிலும் காலக் கணக்கு உண்டு. லாம்டா இன்டர்ஃபெரான் கர்ப்பத்தின் முற்பகுதியில் கருவுக்குத் தீங்கும், பிற்பகுதியில் பாதுகாப்பும் தந்ததாக 2022இல் ஒரு சுண்டெலி ஆய்வு வந்தது.

மலேரியாவுக்கு வருகிறேன். ஃபால்சிபேரம் வகை ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள், வில்லஸின் மேற்பரப்பில் உள்ள காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ என்ற பொருளில் ஒட்டிக்கொள்கின்றன என்பது 1996இல் தெரியவந்தது. அவை பொதுவாகக் குழந்தைக்குள் போவதில்லை. நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தம் தேங்கும் இடைவெளியிலேயே தங்குகின்றன. அவற்றைத் துரத்திவரும் தாயின் வெள்ளணுக்கள் அங்கே குவிந்து, அழற்சிப் பொருள்களைச் சுரந்து, உணவு கடத்தப்படுவதைக் கெடுக்கின்றன. நீங்கள் பார்த்த கருமை, ஒட்டுண்ணி ரத்தத்தைச் செரித்துவிட்டுக் கழித்த நிறமி. தலைச்சன் கர்ப்பத்தில் இது கடுமையாக இருப்பதற்குக் காரணம், இப்படி ஒட்டும் வகைக்கு எதிரான ஆன்டிபாடி அதுவரை தாயிடம் உருவாகாமல் இருப்பதே. ஆக, ஒட்டுண்ணியும் எதிர்ப்பும் கூட்டாகச் செய்யும் சேதம் அது.

மனிதரில் நேரடிச் சான்று உண்டா என்று யாராவது கேட்கலாம். இன்டர்ஃபெரான் சமிக்ஞையை அடக்கி நிறுத்தும் யூ.எஸ்.பி.18 என்ற மரபணு செயல்படாத குழந்தைகளை 2016இல் விவரித்தார்கள். தாயின் வயிற்றிலேயே வைரஸ் தாக்கியது போன்ற மூளைச் சேதத்தோடு அவர்கள் பிறந்தார்கள். தேடியும் தொற்று ஏதும் அகப்படவில்லை. இது நஞ்சுக்கொடியைப் பற்றிய சான்றன்று, ஆனால் அடங்காத இன்டர்ஃபெரான் தானே சேதம் செய்யும் என்பதற்கு மனிதச் சான்று.

உச்சிப்புளி கால்நடை மருத்துவர் எழுதியது:

இங்கே இன்டர்ஃபெரான் வில்லனாகவே வந்துகொண்டிருப்பதால் என் பங்குக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். நம் மாவட்டத்துக் கீழக்கரிசல் ஆட்டையோ இராமநாதபுரம் வெள்ளை ஆட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். செம்மறி சினைப்பட்டதும் அதன் கருவின் வெளிப்புறச் செல்கள் இன்டர்ஃபெரான் டாவ் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது முதல் வகை இன்டர்ஃபெரானே. அதே ஏற்பியில்தான் பொருந்துகிறது. ஆனால் செம்மறியிலும் மாட்டிலும் அதுதான் 'நான் இருக்கிறேன்' என்று கரு தாய்க்கு அனுப்பும் தகவல். சினைப்பட்ட இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இந்தச் செய்தி கருப்பையை எட்டினால்தான், கர்ப்பத்தை நிலைநிறுத்தும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனைச் சூலகத்தில் சுரக்கும் மஞ்சள் கட்டி அழியாமல் நிற்கும். செய்தி வராவிட்டால் ஆடு மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். இந்தப் பொருளைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், இது இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1987இல் கண்டபோது திகைத்துத்தான் போனார்கள்.

மனிதரில் அந்த வேலையை ஹெச்.சி.ஜி. ஹார்மோன் செய்கிறது. ஆட்டின் நஞ்சுக்கொடி பொத்தான் பொத்தானாகக் கருப்பைச் சுவரில் பொருந்தியிருக்கும். மனிதருடையதைப் போலத் தாயின் ரத்தத்தில் நனைவதில்லை. எனவே ஆட்டில் நடப்பதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள் ஓரினத்தில் கர்ப்பத்தைக் காப்பதும் மற்றோரினத்தில் அழிப்பதும் இருக்கும்போது, இன்டர்ஃபெரான் கெட்டது, அதை அடக்கு என்று ஒற்றை வரியில் மருத்துவம் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கரு வீசிய ஆட்டின் நஞ்சுக்கொடியையும் குட்டியையும் கர்ப்பிணிகள் கையால் தொடவே கூடாது. புருசெல்லா பாக்டீரியா ஆட்டின் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்களில் கோடிக்கணக்கில் பெருகும். கிளமைடியா அபார்டஸ் என்ற இன்னொரு கிருமி, ஆட்டிலிருந்து கர்ப்பிணிக்குத் தொற்றினால் அவருடைய நஞ்சுக்கொடியையும் அழித்துவிடும். எங்கள் பக்கம் பட்டியைக் கூட்டுவதும் ஈற்றுப் பார்ப்பதும் வீட்டுப் பெண்கள் வேலையாகவே இருப்பதால் இதை எழுதுகிறேன். காய்ச்சலுக்குக் காரணம் தெரியாதபோது, வீட்டில் ஆடு கரு வீசியதா என்று கேட்கும் மருத்துவர் குறைவு. நாத்தனார் வீட்டில் ஆடு உண்டா?

தேவிபட்டினம் வாசகி எழுதியது:

ஆடு இல்லை ஐயா. அவர் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். கரு தரித்தது தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

கீழக்கரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

இந்த உரையாடல் இழையை முழுவதும் படித்தேன். ஆய்வகத்தில் நிறுவப்பட்டதற்கும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சொல்லக்கூடியதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி நான் எழுத வேண்டும்.

உறுதியான கர்ப்பங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு கலைகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் சுமார் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் பிழை. அங்கே எதிர்ப்பாற்றலுக்கோ தாயின் நடத்தைக்கோ எந்தப் பங்கும் இல்லை. கடற்கரைக்குப் போனதால் கலைந்தது என்று சொல்லும் மாமியாரிடம் இதை முதலில் சொல்லுங்கள். நான்காம் மாதத்தில் குரோமோசோம் காரணம் குறைகிறது. தொற்று, கருப்பை வாய்த் தளர்ச்சி, நஞ்சுக்கொடிக் கோளாறு ஆகியவற்றின் பங்கு கூடுகிறது. ஆகவே அந்த மருத்துவரின் ஊகம் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நஞ்சுக்கொடியில் இன்டர்ஃபெரான் சமிக்ஞை மிகுந்ததா என்று கர்ப்பகாலத்தில் அளந்து சொல்ல, நடைமுறையில் எந்தப் பரிசோதனையும் இல்லை.

நஞ்சுக்கொடியில் நடக்கும் எதிர்ப்பாற்றல் சமிக்ஞையால் கரு இழக்கப்படுவதும், அதற்கு மருந்து இருப்பதும் நன்கு நிறுவப்பட்ட நோய் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி. இதை வெறும் ரத்த உறைவு நோயாகவே நாங்கள் படித்தோம். இப்போது தெரிவது வேறு. இந்நோயில் உடல் தனக்கெதிராகவே உருவாக்கும் ஆன்டிபாடிகள் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்களின் மேலுள்ள பீட்டா-2 கிளைகோபுரதத்தில் ஒட்டுகின்றன. பாக்டீரியாவை உணர்வதற்காக அந்தச் செல்களில் இருக்கும் டி.எல்.ஆர்.4 என்ற உணர்வான் அதனால் தூண்டப்பட்டு, இன்டர்லியூக்கின் போன்ற அழற்சிப் பொருள்கள் வெளியாகின்றன. கிருமிகளைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொடரும் இயங்கத் தொடங்குகிறது. கிருமியே இல்லாமல் கிருமி எச்சரிக்கை ஒலிப்பது இங்கும் நடக்கிறது. ஹெப்பாரின் ஊசி கருவைக் காப்பது ரத்தம் உறையாமல் தடுப்பதால் மட்டுமன்று, காம்ப்ளிமென்ட்டை அடக்குவதாலும்தான் என்று 2004இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். ரத்த உறைவை மட்டும் தடுக்கும் வேறு மருந்துகள் அந்தச் சுண்டெலிகளின் கருக்களைக் காப்பாற்றவில்லை.

பத்து வாரத்துக்குப் பின், உறுப்புக் குறையில்லாத கரு ஒரு முறை இறந்தாலும் இந்த நோயைத் தேடுவதற்கு அது போதிய காரணம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைகோபுரதம் ஆகிய மூன்று ஆன்டிபாடிகளையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். ஒன்று கூடியிருந்தாலும் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வோம். ஏனென்றால் தொற்றுக்குப் பிறகு இவை தற்காலிகமாக உயர்வது உண்டு. உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும். இந்தச் சிகிச்சையோடு பெரும்பாலான பெண்கள் குழந்தை பெறுகிறார்கள்.

இனி அந்த மையம் சொன்ன ஊசிகள். கணவரின் வெள்ளணுக்களை எடுத்து மனைவிக்குச் செலுத்தும் முறை அதில் இருந்தால் உடனே விலகிக்கொள்ளுங்கள். கரோல் ஓபரின் குழு 1999இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், கணவரின் அணுக்களைப் பெற்ற பெண்களில் 36 விழுக்காட்டினருக்குத்தான் கர்ப்பம் நிலைத்தது. வெறும் உப்புநீரைப் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கு நிலைத்தது. 'இயற்கைக் கொலையணு' அதிகமாக இருக்கிறது என்று கை ரத்தத்தை எடுத்துச் சோதித்துவிட்டு மருந்து தருவதும் அப்படித்தான். பெயர் பயமுறுத்துகிறதே தவிர, முதல் மூன்று மாதத்தில் கருப்பை உட்சுவரிலுள்ள வெள்ளணுக்களில் சுமார் 70 விழுக்காடு இவைதாம். கருவைக் கொல்வதற்கு மாறாக, தாயின் ரத்தக்குழாய்கள் விரிந்து நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொடுக்க அவை உதவுகின்றன. கை ரத்தத்தில் உள்ள அணுக்கள் அவற்றிலிருந்து வேறுபட்டவை. அந்த எண்ணிக்கையைக் கொண்டு கருப்பைக்குள் நடப்பதைக் கணிக்க முடியாது.

பாம்பன் மாணவர் எழுதியது:

டாக்டரம்மா, கணவன் மனைவியின் திசு வகை (உறுப்பு மாற்றத்தின்போது பொருத்தம் பார்ப்பது) ஒன்றாக இருந்தால் தாயின் உடல் கருவைச் சரியாக அடையாளம் காணாது, அதனால் கலைந்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியென்றால் தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் நம் ஊரில் இது பெரிய சிக்கலாக இருக்க வேண்டுமே?

கீழக்கரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

தம்பி, கணவரின் வெள்ளணு ஊசி பிறந்ததே இந்தக் கருத்திலிருந்துதான். ஒத்த திசு வகையுள்ள தம்பதியரில் தாய்க்குக் 'காக்கும் ஆன்டிபாடி' உருவாவதில்லை, அதை ஊசியால் உண்டாக்கலாம் என்று 1980களில் நம்பினார்கள். தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் வட அமெரிக்க ஹட்டரைட் சமூகத்தில் திசு வகை ஒத்த தம்பதியருக்குக் கரு இழப்பு சற்றுக் கூடியிருந்ததை 1998இல் காட்டியவரும் அதே கரோல் ஓபர்தான். அடுத்த ஆண்டே ஊசி பயன்படாது என்று காட்டியவரும் அவர்தான். தொடர்பு இருக்கலாம் என்பதும், அதற்கு இந்த மருந்து என்பதும் தனித்தனிக் கூற்றுகள்.

நம் ஊருக்கு நம் ஊர்த் தரவே இருக்கிறது. வேலூரைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் இருவரும் தமிழ்நாட்டில் சொந்தத் திருமணங்களை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட ஆய்வில், மாமன் மகளைக் கட்டியவர்களிடமும் அக்காள் மகளைக் கட்டியவர்களிடமும் கருச்சிதைவு குறிப்பிடத்தக்க அளவு கூடியதாகத் தெரியவில்லை. பரம்பரை நோய்கள் வெளிப்படுவது வேறு விவகாரம். அதற்காகச் சொந்தத்தில் மணம் முடிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. கரு கலைந்ததற்குச் சொந்தத்தைக் காரணம் காட்டுவதற்கு மட்டும் இதில் இடமில்லை.

தொண்டி ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

ஊசி விவகாரம் தெளிந்தது. காய்ச்சல் வந்த கர்ப்பிணிக்கு இன்று என்ன சொல்வது? எதிர்ப்பாற்றல்தான் கெடுக்கிறது என்று இந்த இழையைப் பாதி படித்துவிட்டு, காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம் என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கீழக்கரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

நல்லது லாத்தா, நானே எழுத வேண்டும் என்றிருந்தேன். காய்ச்சல் வந்த அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மலேரியாவுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம், சிறுநீர்த் தொற்று உண்டா என்று பார்க்க வேண்டும். கிருமியைச் சீக்கிரம் அழித்தால் எச்சரிக்கையும் சீக்கிரம் அடங்கும். மருந்தால் தீரும் தொற்றை, எதிர்ப்பாற்றல் என்ற பெரிய பெயரைச் சொல்லி விட்டுவிடுவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. 2021 ஜூலையில் கேரளத்தில் ஜிகா முதலில் தெரியவந்ததே தமிழக எல்லையை ஒட்டிய ஊரைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியிடம்தான். காய்ச்சலும் தடிப்பும் கண்சிவப்பும் சேர்ந்து வந்தால் அதையும் நினைக்க வேண்டும்.

பாம்பன் மாணவர் எழுதியது:

ஆய்வாளர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. சுண்டெலியின் கர்ப்பம் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதன் நஞ்சுக்கொடியில் கண்டது மனிதருக்கு எவ்வளவு தூரம் செல்லும்?

மண்டபம் ஆய்வாளர் எழுதியது:

பாதி தூரம் செல்லும் தம்பி. இரண்டிலும் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் நேரடியாக நனைகிறது. இரண்டும் ரெட்ரோவைரஸ் உறைப்புரதத்தைக் கொண்டே படலத்தை இணைக்கின்றன. ஆனால் சுண்டெலியின் சின்சிடினும் மனிதருடையதும் வெவ்வேறு வைரஸ்களிலிருந்து வந்தவை. சுண்டெலிக்கு இணைந்த படலம் இரண்டடுக்கு, நமக்கு ஓரடுக்கு. கருப்பைச் சுவருக்குள் நம்முடைய ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் புகும் ஆழமும் சுண்டெலியில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான், மனித ட்ரோஃபோபிளாஸ்ட் செல்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்க்கும் சிறு திசு உருண்டைகளைக் கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட், மார்கெரிட்டா டர்கோ குழுவினர் 2018இல் உருவாக்கினார்கள். எந்தக் கிருமி, எந்த வாரத்தில், எந்த இன்டர்ஃபெரானை எவ்வளவு தூண்டுகிறது என்று கர்ப்பிணியைத் தொடாமலே சோதிக்க அவை வழி தருகின்றன.

தேவிபட்டினம் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த மையத்துக்குப் போவதில்லை என்று நாத்தனாரும் அண்ணனும் முடிவு செய்துவிட்டார்கள். மூன்று ஆன்டிபாடிப் பரிசோதனைகளுக்கும் ரத்தம் கொடுத்தாயிற்று. கார்டியோலிப்பின் சற்றுக் கூடியிருப்பதாக வந்திருக்கிறது, 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் கடைசியாக ஒன்று. சென்ற முறை வெளியேறிய கருவையும் நஞ்சுக்கொடியையும் சோதனைக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமா?

கீழக்கரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

தெரிந்திருக்கக்கூடும். நஞ்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்த்தால், வில்லஸ்களுக்கிடையே தாயின் வெள்ளணுக்கள் திரண்டிருக்கும் நாள்பட்ட இன்டர்வில்லோசைட்டிஸ் என்ற அரிய நோய் சிலருக்குத் தெரியவரும்; அது அடுத்தடுத்த கர்ப்பங்களிலும் திரும்ப வரும் இயல்புடையது, வேறெந்தச் சோதனையிலும் அகப்படாது. தொற்றின் அடையாளமும் குரோமோசோம் பிழையும்கூடத் திசுவில்தான் தெரியும். பல இடங்களில் நடக்கும் தவறு, வந்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது. ஃபார்மலினில் செல்கள் இறந்துவிடுவதால் குரோமோசோம் சோதனைக்காக அவற்றை வளர்க்க முடியாது. ஒரு பகுதியைக் கிருமி நீக்கிய உப்புநீரில் தனியாக எடுத்து அன்றே அனுப்ப வேண்டும், மீதிதான் ஃபார்மலினுக்கு. எந்த வீட்டிலும் இப்படி நேர்ந்தால், திசுவைக் கழிவில் போடுவதற்கு முன் இரண்டு குப்பிகளில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் நாத்தனாரின் இரண்டாம் முடிவு வந்ததும், முதல் முடிவின் அளவையும் எடுத்த தேதியையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். இரண்டு முறையும் ஒரே ஆய்வகத்தில் கொடுப்பது நல்லது.